பிசினஸ் ஜெட் 50 சீட் விமானமான கதை: உங்க கார் இ.எம்.ஐ.க்கு ஒரு பாடம்

"கார் சும்மாதானே நிக்குது, வீக்கெண்ட்ல வாடகைக்கு விட்டா இ.எம்.ஐ. தானா வந்துடும்." இந்தக் கணக்கை நம்மில் பலர் போடறோம். அதுக்கு முன்னாடி, இதே யோசனையை விமானத்துல செஞ்சு பார்த்த ஒரு கம்பெனியோட கணக்கைப் பார்த்துடலாம்.

கனடாவின் கனடேர் நிறுவனம் தயாரிச்ச 'சேலஞ்சர் 600' பிசினஸ் ஜெட் 1978-ல் முதல்முறையா பறந்தது. அதோட பலம் அகலமான கேபின். நடுவுல வழி விட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சீட் போட இடம் இருந்தது. 1986-ல் கனடேரை வாங்கிய பம்பார்டியர், உடம்பை சுமார் 6 மீட்டர் நீட்டி, இறக்கையை மாத்தி, பாதுகாப்பு ஒப்புதலும் வாங்கி, அதை 50 சீட் 'சிஆர்ஜே' விமானமா ஆக்கியது. 1992-ல் லுஃப்தான்சா சிட்டிலைன் அதைப் பறக்கவிட்டது.

ஏன் 50 சீட்?

அமெரிக்க விதிப்படி 50 சீட் வரைக்கும் ஒரு கேபின் ஊழியர் போதும். 51-வது சீட் போட்டா ரெண்டு பேர் வேணும். இதைத்தான் நாங்க 'ஸ்டெப் காஸ்ட்'னு சொல்வோம்: செலவு கொஞ்சம் கொஞ்சமா ஏறாது, படி மாதிரி ஒரேயடியா ஏறும்.

சீட் கணக்கு

புரியறதுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பயணத்துக்கு மொத்தச் செலவு 5 லட்சம் ரூபாய், அதுல எரிபொருள் 2 லட்சம்னு வைங்க.

- 10 பேர் போனா தலைக்கு 50,000
- 50 பேர் போனா தலைக்கு 10,000
- எரிபொருள் விலை இரட்டிப்பானா மொத்தம் 7 லட்சம். 50 பேருக்கும் தலைக்கு 14,000

நிஜத்துலயும் இதுதான் நடந்தது. 2000-களில் எரிபொருள் விலை ஏற ஏற, 50 சீட் விமானங்கள் ஏர்லைன்களுக்குக் கட்டுப்படியாகலை. செலவைப் பங்கு போட ஆள் அதிகம் இருக்கற 70, 90 சீட் மாடல்கள் பக்கம் அவங்க போனாங்க. எல்லா மாடலும் சேர்த்து 1,900-க்கு மேல தயாரிச்ச பிறகு, 2020-ல் இந்தத் திட்டத்தை பம்பார்டியர் மிட்சுபிஷிக்கு வித்துட்டு, பிசினஸ் ஜெட் தொழிலோட நின்னுக்கிச்சு.

இப்போ உங்க கார்

விமானத்துக்கு ஒப்புதல் மாதிரி, காருக்கும் உண்டு. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடக் கூடாது. வணிகப் பதிவு, பெர்மிட், அதுக்கான இன்சூரன்ஸ் எல்லாம் வேணும். தனிநபர் பாலிசியோட வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தா, கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.

சரி, எல்லாம் முறைப்படி வாங்கிட்டீங்க. இ.எம்.ஐ., இன்சூரன்ஸ், பெர்மிட் சேர்த்து மாசம் 18,000 ரூபாய். பெட்ரோல், டிரைவர் போக ஒரு நாளைக்கு மிச்சம் 900 ரூபாய்னு வைங்க. 18,000-ஐ 900-ஆல் வகுத்தா 20. அதாவது மாசம் 20 நாள் ஓடினாதான் சமம். வீக்கெண்ட் மட்டும்னா 8 நாள், 7,200 ரூபாய். மீதி 10,800 உங்க சம்பளத்துல இருந்துதான் போகும்.

அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி:

1. ஓடாட்டியும் மாசாமாசம் கட்ட வேண்டியது எவ்வளவு?
2. எத்தனை நாள் ஓடினா அது ஈடாகும்? அத்தனை நாள் நிஜமா ஓடுமா?
3. பெட்ரோல் விலை ஏறினா கணக்கு தாங்குமா?

மூணுக்கும் பதில் எண்ணா வரணும். "பார்த்துக்கலாம்"னு வந்தா, அந்த காரை வருமானம்னு எழுதாதீங்க, செலவுன்னு எழுதுங்க. அந்தச் செலவு உங்க சம்பளத்துக்குத் தாங்கினா, தாராளமா வாங்குங்க.