தாத்தாவின் வைஸ்: காயலான் கடைக்கா, பட்டறைக்கா?

இந்த முறை நான் எழுதுவது ஒரு துருப்பிடித்த இரும்பைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

வைஸ் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. சைக்கிள் கடையிலும் லேத் பட்டறையிலும் மேஜை ஓரத்தில் போல்ட் போட்டு முறுக்கி வைத்திருப்பார்களே, இரும்பு வாய் மாதிரி, அதுதான். கைப்பிடியைச் சுற்றினால் வாய் மூடும். எந்தச் சாமானை வைத்தாலும் கவ்விப் பிடிக்கும். நமக்கு இரண்டு கைதான். ஒரு கையில் சாமானைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அரம் போட்டால் சாமான் ஆடும், அரம் வழுக்கும், விரல் போகும். வைஸ் இருந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

எங்கள் தாத்தா (அம்மாவின் அப்பா) 1981-ல் ஓசூருக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். அப்போதுதான் சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த நேரம். 1980-ல்தான் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரில் இருந்து வெளியே வந்தது. அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் அதே வருடம். டைட்டன் வாட்ச் 1987-ல். பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதற்குச் சின்னச் சின்ன பாகம் செய்து கொடுக்கப் பத்துப் பட்டறை வரும். அப்படி ஒரு பட்டறையில்தான் தாத்தா இருந்தார். அது மூடினபோது பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது இந்த வைஸ். அப்புறம் வீட்டு வாசலிலேயே மேஜை போட்டு, ரோஜாத் தோட்டத்துக்காரர்களின் கவாத்துக் கத்தரி, மருந்து அடிக்கிற ஸ்பிரேயர், பூட்டு எல்லாம் ரிப்பேர் பார்த்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருடம் வேலை நின்றுவிட்டது. வைஸ் மழையில் நனைந்து இறுகிப் போனது.

போன கோடை லீவில் பழைய இரும்பு வண்டி வந்தது. எங்கள் தெருவில் அவர் "பழைய இரும்பு" என்று ஒரு முறை, "ஹளே கப்பிணா" என்று ஒரு முறை கத்துவார். அத்திப்பள்ளி பக்கம் இருந்து வருகிறவர், இரண்டு மாநிலத்துக்கும் ஒரே தராசு. கிலோ 30 ரூபாய் என்றார். வைஸ் பதிமூன்றரை கிலோ இருந்தது. 405 ரூபாய். அம்மா சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். கட்டிலில் படுத்திருந்த தாத்தா "அதைத் தட்டிப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் பேசவில்லை. புது 4 இஞ்ச் வைஸ் எவ்வளவு என்று அண்ணன் (பெரியம்மா பையன், ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிக்கிறான்) ஹார்டுவேர் கடையில் கேட்டுவிட்டு வந்தான். மூவாயிரத்துக்கு மேல். இரும்பு வண்டிக்காரர் வெறும் கையோடு போனார்.

தட்டிப் பார்ப்பது எதற்கு?

சந்தையில் மண்பானை வாங்கும்போது பாட்டி சுண்டிப் பார்ப்பார் இல்லையா? அதே சோதனைதான். வைஸின் உடம்பு வார்ப்பிரும்பு. உருக்கி மணல் அச்சில் ஊற்றிச் செய்வது. அதில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதனால் அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. வளையவும் தெரியாது, நேராக உடைந்துவிடும். விரிசல் இருந்தால் சின்ன ஸ்பேனரால் தட்டும்போது "டப்" என்று செத்த சத்தம் வரும். நல்லதாக இருந்தால் "டிங்" என்று கொஞ்ச நேரம் நிற்கும். பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டினால்தான் சத்தம் சரியாகத் தெரியும். பெயிண்டுக்கு அடியில் பித்தளை நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் யாரோ முன்பே உடைந்ததைப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்களுடையதில் கோடு இல்லை, சத்தமும் நின்றது.

ஆனால் திறக்கவில்லை. அண்ணன் அவசரக்காரன். கைப்பிடியில் ஒரு நீள பைப்பைச் சொருகி இழுத்தான். கைப்பிடி வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. நான் பயந்துவிட்டேன். தாத்தா சிரித்தார். "வளைஞ்சது கைப்பிடிதானே பாப்பா, அது வளையத்தான் செஞ்சிருக்கு. உடம்பு உடைஞ்சிருந்தா காயலான் கடைதான்" என்றார்.

ஏன் அப்படி? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடியின் நடுவில் இருந்து முனை வரை 15 செ.மீ. ஒரு சுற்றுச் சுற்றினால் கை போகிற தூரம் 2 × 3.14 × 15 = 94.2 செ.மீ. திருகில் பத்து மரையை ஸ்கேல் வைத்து அளந்தால் 5 செ.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு வாய் நகர்வது 0.5 செ.மீ.தான். 94.2-ஐ 0.5-ஆல் வகுத்தால் 188. நான் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் கணக்குப்படி 1,880 கிலோ பிடி! நிஜத்தில் இவ்வளவு வராது. பாதிக்கும் மேல் உராய்வு தின்றுவிடும். முதலில் இதைக் குறை என்றுதான் நினைத்தேன். தாத்தாதான் சொன்னார், உராய்வு அவ்வளவு தின்னாவிட்டால் கைப்பிடியை விட்டதும் வைஸ் தானாகத் திறந்துகொள்ளும் என்று. அறிவியல் டீச்சரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இப்போது அண்ணனின் பைப்பைப் பாருங்கள். 15 செ.மீ. 60 செ.மீ. ஆகிவிட்டது. 10 கிலோவுக்கு ஏழரை டன் கணக்கு வருகிறது. அதனால்தான் நல்ல வைஸில் கைப்பிடியை மட்டும் மெத்தென்ற இரும்பில் செய்கிறார்கள். எல்லை மீறினால் முதலில் அது வளைந்து மற்றதைக் காப்பாற்றும். வளைந்த கைப்பிடியோடு ஒரு பழைய வைஸைப் பார்த்தால், யாரோ பைப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

திறந்த கதை

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அரை லிட்டர் டீசலும் கொஞ்சம் மெஷின் ஆயிலும் கலந்து மரை தெரிகிற இடமெல்லாம் விட்டோம். காலை, மாலை இரண்டு வேளையும் மரச்சுத்தியால் லேசாகத் தட்டினோம். அடித்தால் அல்ல, தட்டினால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள் சாயங்காலம் கைப்பிடி கால் சுற்று நகர்ந்தது. உடனே முழுசாகத் திறக்கக் கூடாது, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

நகரும் வாயை வெளியே இழுக்கும்போது கவனம்! கடைசி மரை விட்டதும் அந்தப் பாதி அப்படியே கீழே விழும். அடியில் பலகை வைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே கிரீஸும் இரும்புத் தூளும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. நட்டு (திருகு ஓடுகிற பெட்டி மாதிரியான பாகம்) தேயாமல் இருந்தது. பழைய வைஸ் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த நட்டைத்தான். பெயிண்ட் அடித்துப் பளபள என்று வைத்திருப்பார்கள், உள்ளே மரை செத்திருக்கும். கைப்பிடியைச் சுற்றாமலே முன்வாயைப் பிடித்து இழுத்துத் தள்ளினால் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

துரு எடுக்க நாங்கள் கடைக்குப் போகவில்லை. பித்தளைக் குடம் தேய்க்கிற புளிதான்! அம்மாவிடம் கறுத்துப்போன பழம்புளி ஒரு கிலோ இருந்தது. புளியில் டார்டாரிக் அமிலம் உண்டு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சின்ன பாகங்களை ஒரு நாள் ஊற வைத்தோம். அலுமினியப் பாத்திரம், தகர வாளி எடுக்காதீர்கள், அமிலம் அதையும் தின்னும். துரு கரைந்த பிறகும் விட்டுவைத்தால் நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கும். அதனால் அவ்வப்போது எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். எடுத்ததும் சலவை சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே எண்ணெய் போட வேண்டும். நான் ஒரு ஸ்குருவை மட்டும் மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் அது மறுபடி ஆரஞ்சு நிறம்.

அண்ணன் பெயிண்டை எரித்து எடுக்கலாம் என்று அடுப்பில் போடப் போனான். தாத்தா திட்டினார். வாயில் பதித்திருக்கிற பல் தகடுகள் சூடாக்கிக் குளிரவைத்து உறுதி ஏற்றிய எஃகு. மறுபடி சூடானால் உறுதி போய்விடும். அரம் போட்டுப் பார்த்தால் தெரியும். உடம்பில் அரம் கடிக்கும், பல் தகட்டில் வழுக்கும். அதோடு பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், புகையும் தூசியும் கெடுதல். அதனால் பெயிண்டை ஈரமாக்கி, மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் சுரண்டினோம்.

இங்கிலாந்தா, இந்தியாவா?

சுரண்டும்போதுதான் எழுத்து வந்தது. பழைய வைஸை அடையாளம் காண முக்கியம் பக்கவாட்டில் புடைத்திருக்கிற வார்ப்பு எழுத்துதான். அண்ணன் குதித்தான். அவன் படித்திருக்கிறான், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் என்ற கம்பெனி 'ரெக்கார்ட்' என்ற பெயரில் நீல நிற வைஸ்கள் செய்தது, உலகம் முழுக்க அதைச் சேகரிக்கிறவர்கள் உண்டு என்று. அமெரிக்காவில் சிகாகோவில் 1941-ல் தொடங்கிய 'வில்டன்' வைஸ்களுக்கும் அப்படித்தான். அதன் நகரும் தண்டின் அடியில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். பலர் அதைச் செய்த தேதி என்று நினைப்பார்கள். பல வைஸ்களில் அது ஐந்து வருட உத்தரவாதம் முடிகிற தேதி, ஐந்தைக் கழித்தால்தான் வயது கிடைக்கும்.

எங்களுடையதில் கம்பெனி பெயர் இருந்த இடம் வெல்டிங் பொறி பட்டு மழுங்கியிருந்தது. 'மேட் இன்' மட்டும் தெளிவாக இருந்தது. அடுத்த வார்த்தையில் முதல் எழுத்தின் நேர்க்கோடு ஒன்றுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் இங்கிலாந்துக்கும் அந்தக் கோடு உண்டு, இந்தியாவுக்கும் உண்டு. அண்ணன் இங்கிலாந்து என்று பந்தயம் கட்டினான்.

நாம் மூன்றாம் வகுப்பில் காசின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதைச் செய்தேன். கண்ணுக்குத் தெரியாத மேடு எல்லாம் பேப்பரில் கொஞ்சம் கறுப்பாக விழுந்தது. எழுத்து இன்னது என்று படிக்க முடியவில்லை. ஆனால் எத்தனை எழுத்து என்று எண்ண முடிந்தது. இங்கிலாந்து என்றால் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. இந்தியா என்றால் ஐந்து. ஐந்துதான் இருந்தது.

அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான், பொய் சொல்லவில்லை. தாத்தா மட்டும் "ஜலந்தரா இருக்கும், லூதியானாவா இருக்கும். அங்கதான் நிறைய செய்வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். பஞ்சாபின் அந்த இரண்டு ஊரும் கைக்கருவிகளுக்குப் பெயர் போனவை. ரெக்கார்ட் வைஸின் வடிவத்தைப் பார்த்து நம் நாட்டில் நிறைய பேர் செய்திருக்கிறார்கள். அதனால் வடிவத்தை மட்டும் வைத்து ஊரைச் சொல்லக் கூடாது. 4 இஞ்ச் என்று இஞ்ச் கணக்கில் போட்டிருப்பதை வைத்து வயதைச் சொல்லவும் கூடாது, கடையில் இன்றும் இஞ்ச்தான் கேட்கிறார்கள். விற்றால் இங்கிலாந்து வைஸுக்குத்தான் விலை அதிகம். பிடிக்கிற வேலையில் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியாக ஒரு சோதனை. வாயின் இடது ஓரத்தில் ஒரு துண்டுப் பேப்பர், வலது ஓரத்தில் ஒரு துண்டு வைத்து இறுக்கி இழுத்துப் பார்த்தோம். இடது கிழிந்தது, வலது வழுக்கி வந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணல். பல் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் ஒட்டியிருந்த பழைய பெயிண்ட்தான் காரணம். அதைச் சுரண்டினதும் இரண்டு பேப்பரும் கிழிந்தது. நழுவுகிற தண்டுக்கும் வாய்க்கும் பெயிண்ட் அடிக்காமல், மற்ற இடத்துக்குப் பச்சை எனாமல் அடித்தோம். கைப்பிடியை அண்ணனே நிமிர்த்திக் கொடுத்தான்.

முதல் வாரமே ஒரு ரோஜாத் தோட்டத்துக்காரர் ஏழு கவாத்துக் கத்தரி கொண்டுவந்தார். தாத்தாவுக்குக் கிட்டத்தில் சரியாகத் தெரிவதில்லை, அதனால் கத்தரியை வைஸில் வைத்து இறுக்குவது நான், அரம் போடுவது அவர். அரத்தை எந்தச் சாய்வில் பிடிப்பது என்று இப்போது எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஐந்தாவது கத்தரி நான் போட்டது. தோட்டக்காரர் கண்டுபிடிக்கவில்லை!

நண்பர்களே, உங்கள் வீட்டில் பழைய வைஸ் இருந்தால் எழுத்தின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொண்டுவாருங்கள், அடுத்த இதழில் ஒட்டலாம். இன்னொன்று. நம் பள்ளியின் பழைய சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால், பாதி பெஞ்சோடு சேர்த்து ஒரு வைஸ் இருக்கிறது. பெஞ்சுகளை எடைக்குப் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்ததில் கைப்பிடி நேராக இருக்கிறது, அதாவது யாரும் பைப் போடவில்லை. தலைமையாசிரியர் ஐயா அனுமதி தந்தால் சனிக்கிழமை நானும் 9 'ஆ' பிரிவு மாணவிகள் மூன்று பேரும் டீசலும் மரச்சுத்தியும் கொண்டுவருகிறோம். புளி அம்மா தருவதாகச் சொல்லிவிட்டார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு