பாஸ்வேர்ட் சொல்லாமலே "நான்தான்" என்று நிரூபிக்க முடியுமா?

மனிதர்கள் மட்டும்தான் செய்தி அனுப்புகிறார்களா? இல்லை, இயந்திரங்களும் அனுப்புகின்றன. 1999-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க்கும், ஆர்லன் நிப்பர் என்ற இன்னொரு பொறியாளரும் சேர்ந்து எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறையை உருவாக்கினார்கள். எண்ணெய் போகும் நீளமான குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கத்தான். குழாய் ஓரத்தில் இருக்கும் சின்னக் கருவி "அழுத்தம் இவ்வளவு" என்று சர்வருக்குச் சொல்லும். இப்படிச் செய்தி அனுப்பும் கருவிக்குக் கிளையன்ட் என்று பெயர்.

இப்போ ஒரு கேள்வி. குழாய் உடைந்து எண்ணெய் கொட்டிக்கொண்டு இருக்கும்போது, வேறு யாரோ அந்தக் கருவியின் பெயரில் "எல்லாம் சரி" என்று அனுப்பினால்? சர்வர் நம்பிவிடும். அது என்ன முகத்தையா பார்க்கிறது!

பாஸ்வேர்ட் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் பாஸ்வேர்ட் ரகசியம் என்கிறோம், அதையே ஒவ்வொரு தடவையும் எதிரில் இருப்பவரிடம் சொல்லவும் வேண்டியிருக்கு. 1883 என்ற சாதாரண போர்ட்டில் அது அஞ்சலட்டை மாதிரி திறந்தே போகும். 8883 போர்ட்டில் மறைத்து அனுப்பலாம். அப்பவும் போலி சர்வரிடம் ஏமாந்து சொல்லிவிட்டால் போச்சு.

இதற்குத்தான் கிளையன்ட் சான்றிதழ். பத்தாம் வகுப்பு அக்காக்களின் ஹால் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கிடந்து எடுத்தவர்கூட அதைக் காட்டலாம் இல்லையா? அதனால்தான் தேர்வு அறையில் எதிரிலேயே கையெழுத்து வாங்குகிறார்கள். இங்கேயும் சான்றிதழ் பாதி, கையெழுத்து பாதி.

சான்றிதழில் கருவியின் பெயர், எந்தத் தேதி வரை செல்லும், ஒரு பொதுச் சாவி, வழங்கியவரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். பொதுச் சாவியை யாரும் பார்க்கலாம். அதன் ஜோடியான ரகசியச் சாவி கருவிக்குள் மட்டும். சாவி என்றால் இரும்பு இல்லை, எண்கள்! 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் கண்டுபிடித்த முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவார்கள். 2048 பிட் சாவி என்றால் பெருக்கல் பலன் 617 இலக்கம். அதைத் திரும்பக் காரணிப்படுத்த இதுவரை யாராலும் முடியவில்லை. (நமக்கு நாலு இலக்கத்துக்கே வியர்க்குது.)

முதலில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டும், கருவி சரிபார்க்கும். பிறகு சர்வர் "உன்னுடையது எங்கே?" என்று கேட்கும். கருவி சான்றிதழைக் கொடுத்துவிட்டு, அதுவரை ரெண்டு பேரும் பேசிய பேச்சு முழுவதற்கும் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடும். அந்தப் பேச்சுக்குள் இருவரும் அப்பொழுதே குலுக்கி எடுத்த எண்கள் இருக்கும். அதனால் நேற்றைய கையெழுத்தைக் காப்பி அடித்தால் இன்று செல்லாது. சர்வர் பொதுச் சாவியை வைத்து அதைச் சரிபார்க்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ரகசியச் சாவி கருவியை விட்டு வெளியே வரவே இல்லை! சர்வரையே கொள்ளையடித்தாலும் அங்கே அது கிடைக்காது.

மஸ்கிட்டோ என்று ஒரு இலவச சர்வர் மென்பொருள் உண்டு. (கொசுதான்! ஆங்கிலத்தில் எழுதினால் எம், க்யூ, டி, டி நான்கும் அதற்குள் ஒளிந்திருக்கும்.) சான்றிதழில் உள்ள பெயரையே பயனர் பெயராக எடுத்துக்கொள்ளும்படி அதில் அமைக்கலாம். எந்தப் பெயர் எந்தத் தலைப்பில் அனுப்பலாம் என்றும் எழுதி வைத்துவிட்டால், மூன்றாம் கருவி ஐந்தாம் கருவியாக நடிக்க முடியாது.

சரி, கருவியையே யாராவது பிடுங்கிக்கொண்டு போனால்? சாவியும் சேர்ந்து போச்சு. அப்போது அந்த ஒரு சான்றிதழை மட்டும் ரத்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். சர்வர் அந்தப் பட்டியலைப் பார்த்து, வந்தாலும் உள்ளே விடாது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தால், குழாய் நெடுக நடந்து ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. கடிகார பேட்டரி இல்லாத சில கருவிகள், மின்சாரம் போய் வந்தால் "இன்று 1970 ஜனவரி 1" என்று நினைத்துக்கொள்ளும். அப்போது நல்ல சர்வரின் சான்றிதழைக்கூட "இது இன்னும் தொடங்கவே இல்லையே" என்று தள்ளிவிடும். அதனால் அந்த மாதிரி கருவிகள் விழித்ததும் முதல் வேலையாக மணி கேட்டுக்கொள்ள வேண்டும்.