மகனுக்காக ஜெபிக்கிறேன், கடனை அடைப்பதில்லை

குடிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், சபையில் ஆறுதலுக்குப் பஞ்சமே இருக்காது. "ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்திருங்கக்கா" என்பார்கள். ஒப்புக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் கடன்காரர் நிற்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எனக்கு லூக்கா 15ஆம் அதிகாரம்தான் வழி காட்டியது. ஆடு தொலைந்ததும் மேய்ப்பன் தேடிப் போகிறான். காசு தொலைந்ததும் அந்தப் பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். மகன் போனபோது மட்டும் அப்பா தேடிப் போகவில்லை. பின்னாலேயே பணமும் அனுப்பவில்லை. பன்றி மேய்த்துப் பசியில் கிடந்தபோதுதான் பையனுக்குப் புத்தி தெளிந்தது. நடுவில் வீட்டிலிருந்து கட்டுச்சோறு போயிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே ஓட்டியிருப்பான் என்பது என் எண்ணம். ஆனால் அவன் திரும்பி வந்தபோது, தூரத்திலேயே பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவரும் அதே அப்பாதான்.

கடன்காரரிடம், "தம்பி, கையெழுத்துப் போட்டது அவன், அவன்கிட்டயே கேளுங்க" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கத்தான் செய்தது. மகன் வேலைக்குப் போகாத நாளில் அவன் முதலாளிக்கு 'காய்ச்சல்' என்று போன் செய்வதில்லை. வீட்டில் சாப்பாடு உண்டு, பணம் கிடையாது. பைக் சாவி மட்டும் அரிசி டின்னுக்குள் போய்விட்டது. ரோட்டில் போகிற அடுத்தவர் உயிரை வைத்து அவனுக்குப் பாடம் சொல்ல முடியாதே.

சும்மா விடவே கூடாத விஷயம் ஒன்று உண்டு. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதலில் கைநடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். 'உபவாச ஜெபம்' என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். ஜெபம் நடக்கட்டும், ஆஸ்பத்திரியில் வைத்து நடக்கட்டும். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இதற்கென்றே இருக்கிறது. குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. குடிப்பவரின் உறவினர்களுக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் நம் ஊர்களிலும் கூடுகின்றன. இந்த நோய்க்கு நாம் காரணமில்லை, நம்மால் அதைக் கட்டுப்படுத்தவும் குணமாக்கவும் முடியாது என்பது அவர்களின் பாலபாடம். தாய்மாருக்கு அந்த முதல் வரியே பாதி மருந்து.

அகஸ்டினின் தாய் மோனிக்காவைக் கண்ணீர் ஜெபத்துக்கு உதாரணம் சொல்வார்கள். மகன் ரோமுக்குப் போகக் கூடாது என்று அவர் அழுதார். 383இல் அவன் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டு இரவோடு கப்பல் ஏறினான். அந்தப் பயணம்தான் அவனை மிலானுக்கும் அம்புரோஸ் ஆயரிடமும் கொண்டுபோனது. 387இல் ஞானஸ்நானம் பெற்றான். எந்தப் பயணம் நடக்கக் கூடாது என்று அழுதாரோ, அதுவே வழியானது. 'இப்படித்தான் நடத்தணும் ஆண்டவரே' என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் ஜெபத்தை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

என் மகன் இன்னும் முழுசாய் நிறுத்தவில்லை. கோயிலுக்கும் வருவதில்லை, ஆராதனையில் ஜெபக் குறிப்போடு அவன் பெயரையும் வாசித்த ஞாயிறோடு சரி. சபையாருக்கு ஒரு வேண்டுகோள்: எங்கள் பிள்ளைகளுக்காக வீட்டில் முழங்கால் போடுங்கள், மைக்கில் பெயர் சொல்லாதீர்கள். எங்களுக்கு ஏதாவது செய்யத் தோன்றினால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.