மெட்டெண்ணும் சுரமும்

தந்திக் கருவியொன்றைக் கற்கப் புகுவார்க்கு முதற்கண் எழும் வினா, ஏட்டிற் கண்ட குறியை விரல் எங்ஙனம் அறியும் என்பதே. இசையை எழுதும் முறைகள் இருதிறப்படும். ஒலியை எழுதுவது ஒன்று; விரல் நிற்கும் இடத்தை எழுதுவது மற்றொன்று. நம் சுரக்குறிப்பும் மேனாட்டாரது ஐங்கோட்டுக் குறிப்பும் முன்னதன்பாற்படும். 'டேப்' எனச் சுருங்க வழங்கும் டாப்ளேச்சர் பின்னதன்பாற்படும். பேஸ் கிட்டார் என்னும் கருவியை இப்பின்னைய முறையாற் பயின்றபோது யான் கண்ட நலத்தையும் பட்ட இடரையும் ஈண்டு ஒருங்கே கூறுவல்.

பேஸ் கிட்டார் மந்தர ஒலிக்கென அமைந்த மின்கருவி. அமெரிக்கராகிய பால் டட்மார்க் 1930-களிலேயே இத்தகையதொன்றை ஆக்கினாரேனும், 1951-இல் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்பதை வெளியிட்ட பின்னரே இஃது உலகெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டார் இதனைக் கண்ணாற் காணுமுன் காதாற் கேட்டவர். இளையராசாவின் பாடல்களில் பாடுவோர் குரலுக்கு அடியில் தனக்கென ஒரு நடையுடன் செல்லும் கனத்த ஒலி இதனதே.

இதன் தந்திகள் நான்கு. பெருந்தந்தியாகிய ஈ நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஏ 55, டி 73, ஜி 98. அதிரும் தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். வீணையிற் போலவே கழுத்தில் மெட்டுக்கள் பதிக்கப்பட்டுள. ஒரு மெட்டு ஏறினால் ஒலி அரைச்சுரம் ஏறும். முதல் மெட்டு தலைப்பினின்றும் 1.9 அங்குலத்தில் நிற்க, மேலேறுந்தோறும் இடைவெளி குறுகி, 12-ஆம் மெட்டு சரிபாதியில், 17 அங்குலத்தில் அமையும். அங்கே திறந்த தந்தியின் சுரமே மேல்தாயியில் ஒலிக்கும்.

டேப் எழுதுவார் நான்கு தந்திக்கு நான்கு கோடிட்டு, அழுத்த வேண்டிய மெட்டின் எண்ணைக் கோட்டின்மேல் இடுவர். 0 என்பது எம்மெட்டையும் அழுத்தாது மீட்டுக என்பதாம். மேற்கோடு மெல்லிய ஜி; அடிக்கோடு தடித்த ஈ. கருவியை மடியில் வைத்து நோக்குவானுக்கோ ஈயே மேலே தோன்றும். இம்மாறுபாடறியாது முதல் வாரம் முழுதும் யான் தலைகீழாகவே வாசித்தேன். இத்தாலியர் பழைய குறிப்பிலோ அடிக்கோடே மெல்லிய தந்தி. அவர் காலத்தில் பிறந்திருப்பின் இவ்விழுக்கு நேர்ந்திராது!

அவ்வித்தாலியக் குறிப்பும் புதியதன்று. வெனிசு நகரில் பெத்ருச்சி என்பார் 1507-இலேயே ஸ்பினச்சினோவின் லூட் இசையை இம்முறையில் அச்சிட்டனர். அதன்கண் கோடுகளுக்கு மேல் காலவளவைக் காட்டும் குறிகளும் இருந்தன. இக்காலத்து இளைஞர் கைமாற்றிக் கொள்ளும் டேப்பிலோ அவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. ஆகலின், முன்னரே கேட்டறியாத பாட்டை இதனைக்கொண்டு வாசித்தல் அரிது.

நம் நாட்டிலும் இதற்கு உறவு கூறத்தக்கதொன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், 7, 8-ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் இசைக் கல்வெட்டொன்று பாறையிற் பொறிக்கப்பட்டுளது. சுரங்கள் நந்நான்காக அடுக்கப்பெற்று, ஒரே சுரம் அ, இ, உ, எ என்னும் உயிர்கள் ஏறி வேறுபட நிற்கும். அவ்வுயிர்கள் நரம்பை மீட்டும் முறையைக் குறித்தன என்பாரும் உளர். அக்கருத்துக் கொள்ளப்படின், ஒலியையும் விரலையும் ஒரே எழுத்தில் அடக்கிய பெருமை அப்பாறைக்கு உரியதாகும்.

இனி என் கதைக்கு வருவல். எம்மூர் ஓசூர். எம் பாடற்குழுவில் தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவரும் உளர். சிப்காட் தொழிற்சாலையொன்றில் முறைவேலை பார்க்கும் கன்னட அண்ணன் ஒருவரே எனக்கு ஆசான். இரவு வேலை முடித்து வந்து, உறங்கப் போகுமுன் அரைமணி நேரம் சொல்லிக் கொடுப்பார். அவர் தமிழ் எழுத்தறியார்; யான் கன்னட எழுத்தறியேன். எண்கள் இருவர்க்கும் பொதுவாயின. எல்லைப்புறத்தார்க்கு இஃதொரு சிறு பேறன்று. முதலில் அவர் எழுதித் தந்தது இது:

ஜி | - - - - | - - - - |
டி | 0 0 - - | - - 0 0 |
ஏ | - - - - | 0 0 - - |
ஈ | - - 3 3 | - - - - |

எட்டு அட்சரத்தில் டி, ஜி, ஏ, மீண்டும் டி என்னும் ஆதார ஒலிகள் இவை. ஒரு கிழமையில் விரல் தானே செல்லத் தொடங்கிற்று. யானும் இசை வந்துவிட்டதென எண்ணினேன். கிறிஸ்து பிறப்புப் பண்டிகையின் முன்னிரவுப் பயிற்சியில், முதியோர்க்கு உச்சத்தில் குரல் எட்டவில்லையென்று குழுத்தலைவர் சுருதியை இரண்டு அரைச்சுரம் இறக்கினார். எல்லா எண்ணிலும் இரண்டைக் கழிக்க முயன்றேன். மூன்று ஒன்றாயிற்று. சுழியினின்று இரண்டை எங்ஙனம் கழிப்பது? அன்று பாட்டு முடியுமட்டும் கையைத் தந்திமேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

வீடு திரும்பி அவ்வெண்களைச் சுரமாக்கிப் பார்த்தேன். டி ச என்றால் ஜி ம, ஏ ப. எழுதியிருந்தது ச ச ம ம ப ப ச ச என்பதே. ம, ப இரண்டும் கீழ்த்தாயியின. ச-வைத் திறந்த டி தந்தியில் வையாது, அதே ஒலி பிறக்கும் ஏ தந்தி 5-ஆம் மெட்டில் வைத்தால், ப அதே மெட்டில் ஈ தந்தியிற் கிடைக்கும். ம அதற்கு இரண்டு மெட்டுக் கீழே. சுழி ஒழிந்தது. சுருதி இறங்கினால் கைமுழுதும் இரண்டு மெட்டு இறங்கும்: ச ஏ தந்தியில் 3, ம ஈ தந்தியில் 1, ப ஈ தந்தியில் 3. கையின் வடிவம் மாறுவதில்லை.

டேப்பை இகழ்வார் கூற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒலி இரண்டு மூன்று இடங்களிற் பிறக்கும் கருவியில் எவ்விடத்து வாசிப்பதெனச் சுரக்குறிப்பு சொல்லாது; எண் சொல்லும். ஆயின் அவ்விடம் பாட்டில் என்ன வேலை செய்கிறதென எண் சொல்லாது. தொடங்குவோர் நான்கு கோட்டின் கீழ் ஐந்தாவதாகச் சுரத்தையும், ஆறாவதாக அட்சரத்தையும் எழுதிக்கொள்வது நன்று. முதலில் அவ்வரிசையை வாயாற் பாடிக் கையால் தாளமிட்ட பின்னரே கருவியைத் தொடுக.

இம்முறையை அண்ணனுக்குக் காட்டினேன். அவரும் தம் ஏட்டிற் கோடுகளின் கீழ் ச, ம, ப எனக் கன்னட எழுத்தில் எழுதத் தொடங்கினார். எண் வரிசையோடு ஒப்பிட்டு அவ்வெழுத்துக்களில் ஏழினை இதுவரை யான் படிக்கக் கற்றுள்ளேன்.