முத்திரை மோதிரமும் அகீக் கல்லும்

அகீக் மோதிரத்துக்கு நம்மவரிடையே தனி மதிப்பு உண்டு. மலாய்ச் சகோதரர்களிடமும் அப்படியே. பாட்டனார் அணிந்தது, மக்காவிலிருந்து வந்தது, நூறு வருஷத்துப் பழசு என்று பலவாறு சொல்லி வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அணிவதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. மோதிரம் அக்காலத்தில் எதற்காக விரலில் ஏறிற்று என்பதைச் சற்று ஆராய்வோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. அதன் பின்னரே வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்தார்கள். முஹம்மது, ரசூல், அல்லாஹ் என்ற மூன்று சொற்கள் மூன்று வரிகளாக அதில் பொறிக்கப்பட்டன. அதன் முகப்பு அபிசீனியக் கல் என்று ஓர் அறிவிப்பும், முகப்பும் வெள்ளியே என்று மற்றோர் அறிவிப்பும் இருக்கின்றன. மோதிரங்கள் இரண்டு இருந்திருக்கலாம் என்பது ஆலிம்கள் சிலரின் அபிப்பிராயம்.

அதே வாசகத்தை வேறெவரும் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். இதன் காரணம் கடைக்காரர்களாகிய நமக்குச் சட்டென்று விளங்கும். ஒரே ரப்பர் ஸ்டாம்பு இரண்டு பேர் கையில் இருந்தால் ரசீதுக்கு மதிப்பேது?

அம்மோதிரம் ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி), ஹஜ்ரத் உமர் (ரலி) ஆகியோரிடம் இருந்து, பின் ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்களிடம் வந்தது. ஒருநாள் மதீனாவில் அரீஸ் கிணற்றோரம் அமர்ந்து அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தபோது உள்ளே விழுந்துவிட்டது. மூன்று நாள் தேடினார்கள், தண்ணீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. இது ஹிஜ்ரி 30-இல் நடந்ததாகத் தபரீ எழுதுகிறார். பின் அதே வாசகத்தோடு வேறொரு மோதிரம் செய்விக்கப்பட்டது. ஆட்சிக் கடிதங்கள் நிற்கவில்லை. மோதிரம் போனதாலேயே பின்னால் குழப்பம் பிறந்தது என்று எழுதியவர்களும் உண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. கவர்னர்கள்மீது மக்கள் கொண்ட மனக்குறையைச் சரித்திரம் விரிவாகவே சொல்கிறதே!

இனி அகீக். ‘அகீக் அணியுங்கள், அதில் பரக்கத் உண்டு’ என்று ஹதீஸாகச் சொல்லப்படும் வாசகத்தை இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் மோதிரம் விற்பவர் வாயில் முதலில் வருவது அதுதான்!

தமிழில் சூதுபவளம் என்பதும் இந்தச் சிவப்புக் கல்லே. எமனுக்கு அடுத்தபடியாக இதற்குப் பேர்போனது குஜராத்தின் கம்பாத் துறைமுகம். 1511-இல் போர்த்துகீசியர் பிடிக்கும் முன்னர் நமது மலாக்காவில் குஜராத்தி வணிகருக்கென்றே தனி ஷாபந்தர் இருந்தார் என்றால் அந்த வியாபாரத்தின் அளவை ஊகிக்கலாம். கம்பாத்துக்குக் கல் வருவது நர்மதை ஆற்றுப் பக்கத்து ரத்தன்பூரிலிருந்து. தோண்டும்போது பெரும்பாலும் மங்கல் நிறம். வெயிலில் நெடுநாள் காயவைத்து, மண்சட்டியில் இட்டு, வறட்டி நெருப்பில் சுடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சத்து சூட்டில் சிவக்கும். ஆகவே சிவப்பைப் பார்த்து வயது சொல்ல இயலாது. நேற்றுச் சுட்ட கல்லும் சிவப்புத்தான்.

கல்லின் சக்தியைப் பரீட்சித்துப் பார்த்த அறிஞர் ஒருவரும் நம்மில் இருந்தார். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் அவிந்துபோகும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். பதினோராம் நூற்றாண்டில் இரத்தினங்களைப் பற்றி நூல் எழுதிய அல்பீரூனி, பாம்பின் கழுத்தில் மரகத மாலையைக் கட்டியும், அதன் முன்னே மரகதங்களை ஆட்டியும் மாதக்கணக்கில் சோதித்தார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்வை கூர்மையாகாமல் இருந்தால் சரி என்று கேலியாகவும் எழுதிவைத்தார். ஆயிரம் வருஷம் ஆகிறது!

எமது கடையில் சாமான் வாங்கும் எஸ்டேட் சகோதரர் ஒருவர், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த 300 ரிங்கிட்டைக் கொடுத்து ஒரு மோதிரம் வாங்கி வந்தார். சுல்தான் காலத்து முத்திரை மோதிரமாம், ரிஜ்க் பெருகுமாம். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முத்திரையிடும் மோதிரத்தில் எழுத்தைத் திருப்பிப் பொறிப்பார்கள். அப்போதுதான் மெழுகில் நேராக விழும். கல்லிலேயே நேராகப் படிக்க முடிந்தால் அது தாயத்தாகவோ அழகுக்காகவோ செய்யப்பட்டது. எவருடைய கடிதத்திலும் பதிந்திருக்காது. அவருடைய கல்லில் எழுத்து நேராகவே இருந்தது. மெழுகுவர்த்தியை உருக்கி அழுத்திக் காட்டினோம். கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாறி விழுந்தது.

அந்த மெழுகுத் துண்டையும் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போனார். 180 ரிங்கிட் திரும்பக் கிடைத்தது.