காடும் காட்சிச்சாலையும்

வனவிலங்குகள் இனிது வாழ்தற்குரிய இடம் காடோ, மிருகக்காட்சிச்சாலையோ என்னும் வினா மாணவர் விவாத மேடைகளிற் பன்முறை எழுந்த பழைய வினாவாகும். ஒரு சாரார் காட்டின் சுதந்திரத்தைப் புகழ்வர். மற்றொரு சாரார் கூண்டின் பாதுகாப்பைப் புகழ்வர். புகழுரைகளை ஒருபுறம் வைத்து, உண்மையில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் காட்சிச்சாலையின் சார்பிற் பேசுவோர் கூறும் நியாயங்களை நோக்குவாம். காட்டில் வாழும் விலங்கிற்கு நாளைய உணவு உறுதியன்று. வறட்சி வரின் குளங்கள் வற்றும்; நோய் வரின் மருந்திடுவார் இலர்; மானுக்குச் சிறுத்தையும், சிறுத்தைக்குப் பசியும் பகையாம். இவற்றினும் கொடிய பகைவன் மனிதன். நம் இலங்கையிலே 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 400க்கு மேற்பட்ட காட்டுயானைகள் மாண்டன. துப்பாக்கிச் சூடும், மின்கம்பியும், உணவினுள் மறைத்து வைக்கப்பட்ட வெடியும் அவற்றுட் பலவற்றின் உயிரைக் குடித்தன. கொழும்பை அடுத்த தெகிவளையில் 1936ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் நடத்திவரும் மிருகக்காட்சிச்சாலையில் இவ்வச்சங்கள் இல்லை. வேளைக்கு உணவுண்டு, மருத்துவரும் உண்டு. காட்டையே காணாத நகரத்துச் சிறுவர் உயிருள்ள யானையை நேரிற் கண்டு வியக்கும் வாய்ப்பும் ஆங்கு உண்டு. இவை மறுக்கத்தக்கன அல்ல.

ஆயின், உணவும் மருந்தும் காவலும் சேர்ந்தால் அதுவே ஒரு விலங்கின் நல்வாழ்வாகுமா? யானையையே எடுத்துக்கொள்வோம். காட்டுயானை நாளின் பெரும்பொழுதை நடந்தும் மேய்ந்தும் கழிப்பது. எதை உண்பது, எங்கே நீர் கிடைக்கும் என்பவற்றைக் கன்றுகள் முதிர்ந்த பிடிகளின் பின் நடந்தே கற்கின்றன. இந்நடையையும் இச்சுற்றத்தையும் நீக்கிவிட்டு உணவை மாத்திரம் கொடுத்தால் நேர்வது யாது? 2008ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. ஐரோப்பியக் காட்சிச்சாலைகளிற் பிறந்த ஆசியப் பெண்யானைகளின் இடைநிலை வாழ்நாள் ஏறத்தாழ 19 ஆண்டுகள். மியன்மாரில் மரம் இழுக்கும் வேலையில் ஈடுபட்டு, ஓய்வு வேளையிற் காட்டில் மேய்ந்துவந்த பெண்யானைகளுக்கோ அது ஏறத்தாழ 42 ஆண்டுகள். பாதுகாப்பு நீண்ட ஆயுளைத் தரும் என்னும் கூற்று யானையளவில் நிலைபெறவில்லை.

எண்கள் உணர்த்துவதைக் காவன் என்னும் களிற்றின் வரலாறும் உணர்த்தும். இது நம் நாட்டினின்று 1985ஆம் ஆண்டிற் பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்ட கன்று. இஸ்லாமாபாத் நகரின் காட்சிச்சாலையில் அதற்குத் துணையாயிருந்த பிடி 2012ஆம் ஆண்டில் இறந்தது. அதன்பின் காவன் தனிமையில் நின்று தலையை இடையறாது அசைத்துக்கொண்டேயிருந்தது. அதன் உடல் அளவுக்கு மிஞ்சிப் பருத்திருந்தது. பொருந்தாத தரையில் நின்று நின்று நகங்கள் வெடித்திருந்தன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நகரின் உயர் நீதிமன்றம் அதனை விடுவிக்குமாறு தீர்ப்பளித்தது. நவம்பரில் அது வானூர்தி வழியாகக் கம்போடியாவிலுள்ள சரணாலயமொன்றிற்குக் கொண்டு செல்லப்பட்டது. உணவுப் பஞ்சத்தால் அது வாடவில்லை என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது.

அவ்வாறாயின் காட்சிச்சாலைகள் யாவற்றையும் மூடிவிடலாமோ எனின், அங்ஙனம் முடிபு கூறுதலும் அவசரமேயாம். அராபியப் பாலைநிலத்தில் ஒரிக்ஸ் என்னும் வெண்ணிற மறிமான் ஒன்றுண்டு. வேட்டையினால் அவ்வினம் அழியும் நிலையை அடைந்தபோது, 1962ஆம் ஆண்டிற் சிலவற்றைப் பிடித்துக் காக்கும் முயற்சி தொடங்கிற்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர்க் காட்சிச்சாலையில் 9 விலங்குகளைக் கொண்ட சிறு மந்தை உருவாயிற்று. 1972ஆம் ஆண்டளவிற் பாலைநிலத்தில் எஞ்சியிருந்தவையும் வேட்டைக்கு இரையாயின. கூண்டிலிருந்தவை பெருகிப் பத்தாண்டுகளின் பின், 1982ஆம் ஆண்டில், ஓமான் நாட்டின் வெளிகளில் மீண்டும் விடப்பட்டன. கூண்டு இல்லையேல் அவ்வினம் இன்று இல்லை.

எனினும் கதை ஆங்கு முடிந்திலது. ஓமானில் 1996ஆம் ஆண்டில் 450 அளவாகப் பெருகியிருந்த அம்மான்கள், களவாய்ப் பிடிப்போரால் 2007ஆம் ஆண்டில் 65 ஆகக் குறைந்தன. சரணாலயத்தின் பரப்பும் பத்தில் ஒன்றாகச் சுருக்கப்பட்டமையால், யுனெஸ்கோ நிறுவனம் அவ்வாண்டிலேயே அதனை உலக மரபுரிமைப் பட்டியலினின்று நீக்கிற்று. இனத்தைக் கூண்டு காக்கலாம். ஆயின் அது திரும்பிச் செல்லுதற்கு நிலம் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

நம் நாட்டிலும் இவ்வேறுபாட்டை அருகருகே வைத்துக் காணலாம். பின்னவலவில் 1975ஆம் ஆண்டில் தாயற்ற யானைக்கன்றுகளுக்கென ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. ஆங்கு வளர்ந்தவை பெரும்பாலும் மனிதரிடையேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. உடவளவையில் 1995ஆம் ஆண்டில் வனசீவராசிகள் திணைக்களம் அமைத்த இடைத்தங்கல் நிலையமோ வேறு நோக்குடையது. கன்றுகளுக்கு மூன்று மணித்தியாலத்திற்கொருமுறை பாலூட்டப்படும். அதற்கு அப்பால் மனிதர் பழக்கம் இயன்றவரை தவிர்க்கப்படும். ஏறத்தாழ ஐந்து வயதானதும் அவை கூட்டமாகக் காட்டில் விடப்படும். 1998ஆம் ஆண்டு முதல் இவ்வாறு காடு திரும்பியவை நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுட் சில காட்டிலேயே கன்றுகளை ஈன்றுமுள்ளன.

ஆகவே, வனவிலங்கின் வீடு காடே. காட்சிச்சாலை அதற்கு மருத்துவமனை போல்வது. மருத்துவமனையின் சிறப்பு, நோயாளர் அதன் வாயிலால் வீடு திரும்புவதிலே தங்கியுள்ளது. காட்டிற்கு மீளும் வழியைத் திறந்து வைத்திருக்கும் கூண்டு அறத்தின்பாற்படும். எம் கண்ணுக்கு விருந்தாக மாத்திரம் அடைத்து வைக்கும் கூண்டு அறத்தின்பாற்படாது என்பதே எமது துணிபு.

இனி மாணவரைக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பெற்றோரும், "இவ்விலங்கின் பெயர் யாது?" என்று வினவுவதுடன் அமையாது, "இது வாழ்ந்த காடு எங்கே? அது இன்றும் உளதா?" என்றும் வினவுவாராக. வில்பத்திலும் யாலவிலும் எஞ்சியுள்ள காடுகளைக் காக்கும் தலைமுறை அவ்வினாவிலிருந்தே தோன்றுதல் கூடும்.