பத்தாவது மூடையில் தூக்கும் பின்சக்கரம்

மண் வாரும் வண்டி என்றால் நம்ம ஊரில் எல்லாமே ஜேசிபிதான். மஞ்சள் பெயின்ட் இருந்தால் போதும், கம்பெனி எதுவானாலும் "ஜேசிபி வந்திருக்கு பாத்தியா மக்கா" என்பார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது அந்தப் பெரிய வண்டியை அல்ல. வாழைக்கும் தென்னைக்கும் நடுவே புகுந்து உழுகிற, 20 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சின்ன டிராக்டர். மகிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார் மாதிரி. அதன் முன்னால் ஒரு லோடர் பொருத்தி, வாளியைக் கழற்றிவிட்டு இரண்டு இரும்பு விரல்களை மாட்டினால் அதுதான் பாலட் ஃபோர்க். பலகைத் தட்டில் அடுக்கிய சரக்கை அடியில் விரலைக் கொடுத்து அப்படியே தூக்கிவிடலாம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு சிமென்ட் மூடை 50 கிலோ. ஒரு ஆள் கையால் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்தது. நம்ம சுமைகாரர் அண்ணன்மார் சும்மாட்டை வைத்துக்கொண்டு அந்த எல்லையின் விளிம்பிலேயே நாள் முழுவதும் நடக்கிறார்கள். நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே ஃபோர்க் நல்ல சாமான்தான். ஆனால் கணக்குத் தெரியாதவன் கையில் அது டிராக்டரையே குப்புறத் தள்ளிவிடும். அந்தக் கணக்கு நாம் முதலாண்டில் படித்த திருப்புத்திறன் கணக்குத்தான், வேறொன்றும் இல்லை.

ஓர் உதாரண டிராக்டரை எடுத்துக்கொள்வோம். எடை 900 கிலோ. அதில் முன் அச்சில் 360, பின் அச்சில் 540. இரண்டு அச்சுக்கும் இடையே 1500 மி.மீ. லோடர் 250 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் முன் அச்சுக்கு 400 மி.மீ. முன்னால். ஃபோர்க்கும் பலகைத் தட்டும் சேர்ந்து 80 கிலோ, 1000 மி.மீ. முன்னால். இனி ஆறு மூடை சிமென்ட், 300 கிலோ, 1300 மி.மீ. முன்னால்.

முன் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்துப் பாருங்கள். பின்பக்கம் பிடித்து இழுப்பது 540 பெருக்கல் 1500, அதாவது 8,10,000. முன்பக்கம் கவிழ்க்கப் பார்ப்பது 1,00,000 கூட்டல் 80,000 கூட்டல் 3,90,000, மொத்தம் 5,70,000. மீதி 2,40,000. இதை 1500-ஆல் வகுத்தால் பின் அச்சில் நிற்பது வெறும் 160 கிலோ! 540 இருந்த இடத்தில் 160. இனி ஒவ்வொரு மூடையும் பின் அச்சிலிருந்து 43 கிலோவைப் பறிக்கும். ஒன்பது மூடை வரை எப்படியோ நிற்கும். பத்தாவது மூடையை வைத்துத் தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அதுவும் சமதளத்தில், வண்டி அசையாமல் நிற்கும்போது போட்ட கணக்கு. ஓடுகிற வண்டி ஒரு குழியில் விழுந்தால் பத்துவரை காத்திருக்காது.

இன்னொரு ஆபத்தும் இதிலேயே ஒளிந்திருக்கிறது. இந்த வகை டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும்தான். பின்னால் பாரம் இல்லையென்றால் பிரேக் மிதித்தும் பயனில்லை; சக்கரம் நின்றுவிடும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால் பின் பிரேக்கின் பிடி கியர் வழியாக முன்சக்கரத்துக்கும் கிடைக்கும். அதனால் பாரத்தோடு சரிவில் இறங்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

பரிகாரம் பின்னால் எதிர்ப்பாரம் கட்டுவது. 200 லிட்டர் டிரம்மில் பாதிக்குக் கான்கிரீட் போட்டால் ஏறத்தாழ 240 கிலோ வரும். கான்கிரீட் இறுகும் முன்பே மூன்று முனை இணைப்புக்கான பின்களை உள்ளே பதித்துவிட்டால் விலை குறைந்த, நல்ல எதிர்ப்பாரம். 250 கிலோ என்றே வைத்து, பின் அச்சுக்கு 700 மி.மீ. பின்னால் மாட்டினால் நமது கணக்கில் பின் அச்சுப் பாரம் 160-லிருந்து 527 கிலோவாக ஏறுகிறது. அதோடு முன் அச்சின் பாரம் 117 கிலோ குறையவும் செய்கிறது. சிலர் பின் டயரில் தண்ணீர் நிரப்புவார்கள். அதுவும் பின்பக்கத்தை அமுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்தப் பாரம் அச்சிலேயே இருப்பதால் முன் அச்சின் கஷ்டத்தைக் குறைக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கம்பெனிக்காரர் நோட்டீசில் போடும் தூக்கும் திறனை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அது லோடர் கையின் பிவட் பின்னில் அளந்தது. சரக்கோ அதற்கும் அரை மீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்தத் தூரத்துக்கும் ஃபோர்க்கின் எடைக்கும் கழித்துவிட்டுத்தான் மிச்சம் நமக்கு.

ஃபோர்க்லிஃப்டில் சரக்கு நேராக மேலே போகும். லோடரில் அப்படியில்லை, கை வட்டப்பாதையில் ஏறும். ஏற ஏற ஃபோர்க்கின் முனை தானாகவே வானத்தைப் பார்க்கும். கவனிக்காமல் விட்டால் மேல் அடுக்கு மூடை ஃபோர்க்கின் முதுகைத் தாண்டி, லோடர் கை வழியாக ஓட்டுநரின் மடிக்கே வரும். தூக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக முனையைத் தாழ்த்திக்கொண்டு வர வேண்டும். தானே மட்டம் பார்க்கும் லோடர்களும் உண்டு. நகரும்போது தரையிலிருந்து ஓர் அடி உயரம் போதும். உயரத்தில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகக் கூடாது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல்வெளி என்பதால் சரிவுத் தொல்லை குறைவு. மழை பெய்தால் முன் டயர் புதைவதுதான் கவலை. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில் கதை வேறு. பாரம் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். சரிவுக்குக் குறுக்கே போகவே கூடாது. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடுவது. நான்கு சக்கரம் இருந்தாலும் பக்கவாட்டில் அதற்கு நிலைப்புத் தருவது ஒரு முக்கோணம்தான்: பின்சக்கரங்கள் இரண்டு, முன் பின் ஒன்று. ஆட்டோ ரிக்ஷா வளைவில் கவிழ்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஃபோர்க்கின் உலோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எல் வடிவத்தில் வளையும் அந்தக் குதிகால்தான் அதிக வளைவுத் தகைவு வாங்குகிற இடம். தரையில் உரசித் தேய்வதும் அங்கேதான். வளைவைத் தாங்கும் வலிமை தடிமனின் இருமடிக்கு நேர்விகிதம் என்பது தெரியும். 30 மி.மீ. தடிமன் 27 ஆகத் தேய்ந்தால் 0.9-இன் இருமடி, 0.81. மூன்று மில்லிமீட்டரில் வலிமை 19 சதவீதம் போச்சு! அதனால்தான் பத்து சதவீதம் தேய்ந்த ஃபோர்க்கை ஒதுக்கிவிட வேண்டும் என்பது உலக நியதி. வெல்டிங் பட்டறையில் கொடுத்து மேலே உலோகம் ஏற்றிச் சரிசெய்யலாமே என்பார்கள். கூடாது. அது வெப்பப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும்.

பலா பறிக்கவும் டியூப்லைட் மாட்டவும் பலகைத் தட்டில் ஆளை ஏற்றித் தூக்குகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று வெடித்தால் அந்த ஆளுக்குப் பிடிக்க ஒரு கம்பியும் இருக்காது. வேண்டவே வேண்டாம்.

பலகைத் தட்டை நாமே செய்யலாம். பால் வற்றி வெட்டுகிற ரப்பர் மரம் நமது மாவட்டத்தில் தாராளம். பச்சையாக விட்டால் வண்டு துளைக்கும். போரான் மருந்தில் ஊறவைத்து உலர்த்தினால் உழைக்கும்.

இயந்திரம் வந்தால் சுமைகாரர் அண்ணனின் கூலி என்னாகும்? நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளருக்கென்று 1982-இல் தனிச் சட்டமே வந்தது. என் கருத்து: தட்டில் அடுக்குவதும் இறக்குவதும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும், ஃபோர்க் ஓட்டப் பழகுவதும் அவர்களுக்கே முதலில் கிடைக்கட்டும். சுமந்து நடக்கும் நூறு அடியை மட்டும் இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். கூலி மூடைக்கணக்கில் இருக்கிறவரை அதில் அவர்களுக்கு நஷ்டமில்லை.

லோடர் வாங்கப் பணமில்லாதவர்கள் பின்னாலுள்ள மூன்று முனை இணைப்பிலேயே ஃபோர்க்கை மாட்டிக்கொள்ளலாம். உயரம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் அங்கே அபாயம் தலைகீழ்: முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விட்டுவிடும். நண்பர்களுக்கு ஒரு கணக்கு: லோடர் இல்லாத அதே 900 கிலோ டிராக்டர், பின் அச்சுக்கு 900 மி.மீ. பின்னால் 60 கிலோ ஃபோர்க், 1200 மி.மீ. பின்னால் 300 கிலோ சரக்கு. முன் அச்சில் எவ்வளவு நிற்கும்? 84 கிலோ என்று விடை வந்தால் சரி. முன்னால் எவ்வளவு எடை மாட்டினால் அது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.